டோம்பெரிடோன்: குமட்டல் மாத்திரை பற்றி மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமட்டலோ வாந்தியோ வந்தால் பல வீடுகளில் மருந்து டப்பாவுக்குள் கை தேடுவது ஒரே மாத்திரையைத்தான். அதன் மருந்துப் பெயர் டோம்பெரிடோன். பிரெஞ்சில் அச்சடித்த பெட்டியில் மோட்டிலியம் என்று இருக்கும். இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் அட்டையில் டோம்ஸ்டால் போன்ற பெயர் இருக்கும். உள்ளே இருப்பது ஒரே மருந்துதான். குறைந்த அளவில், சில நாட்களுக்கு, சரியான ஆளுக்குக் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். அளவு கூடினாலோ, நாள் நீண்டாலோ, சேரக் கூடாத இன்னொரு மருந்தோடு சேர்ந்தாலோ இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கக்கூடும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்த மாத்திரை உடம்புக்குள் என்ன செய்கிறது?

இரண்டு இடங்களில் வேலை செய்கிறது. முதல் இடம் மூளையின் அடிப்பகுதி. இரத்தத்தில் நச்சு, கிருமியின் கழிவு, மருந்து எது கலந்திருந்தாலும் மோப்பம் பிடித்து ‘வாந்தி எடு’ என்று ஆணை அனுப்பும் ஒரு சிறு பகுதி அங்கே உண்டு. டோபமின் என்ற வேதிப்பொருள் அந்தப் பகுதியைத் தூண்டும். டோபமின் வந்து உட்காரும் இடத்தில் டோம்பெரிடோன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவதால் ஆணை மட்டுப்படுகிறது. மூளையைச் சுற்றியுள்ள பாதுகாப்புத் தடையை இந்த மருந்து எளிதில் தாண்டாது. ஆனால் அந்த மோப்பப் பகுதி தடைக்கு வெளியே இருக்கிறது. எனவே மூளையின் மற்ற பகுதிகளை அதிகம் தொடாமலே குமட்டலைத் தணிக்க முடிகிறது. 1970களில் பெல்ஜியத்தின் யான்சென் நிறுவனத்தில் உருவான இந்த மருந்தின் பெரிய பலம் இதுதான்.

இரண்டாவது இடம் இரைப்பை. டோபமின் இரைப்பையின் அசைவை மந்தமாக்கும். அதைத் தடுத்தால் இரைப்பை சுருங்கி விரிவது ஒழுங்குபட்டு, உணவு சிறுகுடலுக்குள் சீக்கிரம் இறங்கும். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்திலுள்ள வால்வு தசையும் சற்று இறுகும். ‘கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு முட்டுகிறது’ என்பவர்களுக்கு ஓரளவு சுகம் கிடைப்பது இதனால்தான்.

இது அமிலத்தைக் குறைக்குமா?

குறைக்காது. அமிலத்தைக் குறைப்பவை ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், ஃபமோட்டிடின் போன்றவை. டோம்பெரிடோன் இரைப்பையை நகர்த்துமே தவிர, அமிலத்தைத் தொடாது.

அப்படியானால் நெஞ்செரிச்சலுக்கு இதை ஏன் கொடுக்கிறார்கள்?

வால்வு இறுகி, இரைப்பை சீக்கிரம் காலியானால், மேலே எதுக்களித்து வருவது குறையும் என்ற கணக்கில் பல ஆண்டுகளாகக் கொடுத்து வந்தார்கள். 2014இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லாத் தரவுகளையும் திரும்பப் பார்த்தது. நெஞ்செரிச்சல், உப்புசம் ஆகியவற்றுக்கு இதனால் கிடைக்கும் பலன், இதயத்துக்கு உள்ள ஆபத்தை ஈடுகட்டும் அளவுக்கு உறுதியாக இல்லை என்று முடிவு செய்து, குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும் அனுமதியை வைத்துக்கொண்டது. வேறு நாடுகளில், குறிப்பாக இந்தியாவில், எதுக்களிப்புக்கு இன்றும் பரவலாக எழுதுகிறார்கள். மருத்துவர் உங்கள் வயிற்றையும் இதயத்தையும் பார்த்துவிட்டு எழுதினால் அது அவர் பொறுப்பில் நடக்கும் சிகிச்சை. வெறும் நெஞ்செரிச்சலுக்கு நீங்களாகவே மாதக்கணக்கில் போட்டுக்கொள்ள இது ஏற்ற மருந்து அல்ல. அதற்கு அமிலம் குறைக்கும் மருந்தும், இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேர இடைவெளியும், கட்டிலின் தலைப்பக்கத்தை 15 செ.மீ. உயர்த்துவதும் இதைவிட அதிகம் உதவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து எதுக்களிப்பு கூடும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே கட்டை வைக்க வேண்டும்.

அளவு என்ன? எத்தனை நாள் எடுக்கலாம்?

12 வயதுக்கு மேற்பட்ட, 35 கிலோவும் அதற்கு மேலும் எடையுள்ளவர்களுக்கு ஒரு வேளைக்கு 10 மி.கி. மாத்திரை ஒன்று. ஒரு நாளில் அதிகபட்சம் மூன்று, அதாவது 30 மி.கி. பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மாத்திரையிலேயே குமட்டல் அடங்கிவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆன்டிபயாட்டிக்போல ‘அட்டையை முடிக்க வேண்டும்’ என்ற விதி இதற்குக் கிடையாது. இரண்டு வேளைகளுக்கு நடுவே ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

திரவ மருந்தில் பெரும்பாலும் 1 மி.லி.க்கு 1 மி.கி. இருக்கும். பெரியவருக்கு 10 மி.லி. தான் ஒரு வேளை. பாட்டிலைக் குலுக்கிய பிறகு, கூடவே வரும் அளவுக் கோப்பையில் ஊற்றுங்கள். வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, நம்ப முடியாது.

சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டவர்களுக்கு மருந்து உடம்பில் நீண்ட நேரம் தங்கும். அவர்களுக்கு மருத்துவர் நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளையாகக் குறைப்பார். கல்லீரல் பாதிப்பு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் இந்த மருந்தே கூடாது, ஏனென்றால் இதைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல்தான்.

சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

முன்தான். 15 முதல் 30 நிமிடம் முன்பு, ஒரு டம்ளர் தண்ணீரோடு. வயிறு காலியாக இருக்கும்போது விழுங்கினால் அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் இரத்தத்தில் உச்ச அளவுக்கு வரும். சாப்பிட்ட பின் போட்டால் வந்து சேரத் தாமதமாகும். வயிறு நிறைந்து முட்டிக்கொண்டிருக்கும்போது போட்டுவிட்டு ‘வேலை செய்யவில்லையே’ என்று இன்னொன்றைப் போடுவதுதான் நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு. முதல் மாத்திரை தாமதமாக வேலையைத் தொடங்கும் நேரத்தில் இரண்டாவதும் வந்து சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்த மாத்திரை கரைந்து உறிஞ்சப்பட இரைப்பையில் அமிலம் வேண்டும். அமில முறிப்பு மருந்தையும் இதையும் ஒரே வாயில் போட்டால் டோம்பெரிடோன் குறைவாகவே உள்ளே போகும். டோம்பெரிடோனைச் சாப்பாட்டுக்கு முன்பும், அமில முறிப்பியைச் சாப்பாட்டுக்குப் பின்பும் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துச் சீட்டிலும் பெட்டியிலும் இருக்கும் குறிகளை எப்படிப் படிப்பது?

ஆங்கில முறையில் எழுதும் மருத்துவர் ‘டி.டி.எஸ்.’ என்றால் நாளுக்கு மூன்று வேளை, ‘பி.டி.’ என்றால் இரண்டு வேளை, ‘ஏ.சி.’ என்றால் உணவுக்கு முன், ‘எஸ்.ஓ.எஸ்.’ என்றால் தேவைப்பட்டால் மட்டும். பிரெஞ்சுப் பெட்டியில் ‘கோம்ப்ரிமே’ என்பது மாத்திரை, ‘அவான் லே ரெப்பா’ என்பது உணவுக்கு முன். எஸ்.ஓ.எஸ். என்று எழுதியதை மூன்று வேளையும் தவறாமல் எடுப்பவர்கள் நிறையப் பேர். குமட்டல் இல்லாத வேளையில் மாத்திரை தேவையில்லை.

மாத்திரை போட்ட உடனே வாந்தி எடுத்துவிட்டால்?

விழுங்கிப் பதினைந்து நிமிடத்துக்குள் வாந்தி வந்து, அதில் மாத்திரை முழுசாகத் தெரிந்தால் சற்றுப் பொறுத்து ஒருமுறை மீண்டும் போடலாம். அரை மணிக்கு மேல் ஆகியிருந்தால் அந்த வேளை போனதாக நினைக்க வேண்டாம், பெரும்பகுதி உள்ளே போயிருக்கும். எதையுமே வயிற்றில் நிறுத்த முடியவில்லை என்றால் மாத்திரையை அடுக்கிக்கொண்டே போகாதீர்கள். அப்போது தேவை ஊசியும் சலைனும் உள்ள இடம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்?

விட்டுவிடுங்கள். அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக் கூடாது.

இதயத்துக்கு ஆபத்து என்கிறார்களே, அது என்ன?

ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத் தசை அடுத்த துடிப்புக்காக மின்சார ரீதியில் தயாராக வேண்டும். அந்தத் தயாரிப்பு நேரத்தை ஈ.சி.ஜி. தாளில் ‘க்யூ.டி. இடைவெளி’ என்று அளப்பார்கள். டோம்பெரிடோன் அந்த நேரத்தை நீட்டக்கூடியது. கொஞ்சம் நீண்டால் தெரியவே தெரியாது. அளவுமீறி நீண்டால் துடிப்பு தாளம் தப்பி, தலைசுற்றி, மயக்கம் போட்டு விழலாம். மிக அரிதாக உயிரே போகும். நரம்பில் ஏற்றும் ஊசி வடிவில் ஒருகாலத்தில் இந்த மருந்து இருந்தது. புற்றுநோய் மருந்து எடுத்தவர்களுக்கு அதிக அளவில் வேகமாகச் செலுத்தியபோது இதயம் நின்ற சம்பவங்கள் நடந்ததால் 1980களில் அந்த ஊசியைக் கைவிட்டார்கள்.

மாத்திரையில் ஆபத்து மிகச் சிறியது. ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும், நாளுக்கு 30 மி.கி.க்கு மேல் எடுப்பவர்களுக்கும் கூடுதல். ஏற்கெனவே க்யூ.டி. நீண்டவர்கள், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், இரத்தத்தில் பொட்டாசியமோ மக்னீசியமோ குறைந்தவர்கள் எடுக்கவே கூடாது.

பொட்டாசியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வாந்தியும் பேதியும் சேர்ந்து இரண்டு நாள் போனாலே உடம்பிலிருந்து பொட்டாசியம் வடிந்துவிடும். அதாவது எந்த நோய்க்காக மாத்திரையைத் தேடுகிறோமோ, அந்த நோயே மாத்திரையை ஆபத்தாக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. இரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ ஃப்யூரோசமைட், இண்டபமைட், ஹைட்ரோகுளோரோதயசைட் போன்ற நீர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இரட்டை இழப்பு. எனவே மாத்திரையோடு உப்பு-சர்க்கரைக் கரைசலும் போக வேண்டும். இளநீரில் பொட்டாசியம் உண்டு, நல்லதுதான். சிறுநீரக நோயாளி மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இளநீரைக் குடிக்கக் கூடாது.

எந்த மருந்துகளோடு சேர்க்கக் கூடாது?

இரண்டு விதமான மோதல்கள் உண்டு. முதல் வகையில், டோம்பெரிடோனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியை இன்னொரு மருந்து கட்டிப்போடும். வாய்வழி எடுக்கும் டோம்பெரிடோனில் சுமார் 15 சதவீதம்தான் சிதையாமல் இரத்தத்தைச் சேர்கிறது, மீதியைக் குடல் சுவரும் கல்லீரலும் முதலிலேயே அழித்துவிடும். அந்த நொதி முடங்கினால் ஒரு மாத்திரை போட்டவருக்கு மூன்று போட்ட அளவு இரத்தத்தில் ஏறலாம். ஆன்டிபயாட்டிக்குகளான கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல், இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல், எச்.ஐ.வி. சிகிச்சையில் வரும் ரிட்டோனவிர் ஆகியவை இந்த வகை. இதயத்துக்கோ இரத்த அழுத்தத்துக்கோ டில்டியாசெம், வெரபாமில் எடுப்பவர்களும் கேட்டுவிட்டே எடுக்க வேண்டும்.

வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபேக்டர் கிருமிக்கு இரண்டு வாரம் கொடுக்கும் மருந்துத் தொகுப்பில் பெரும்பாலும் கிளாரித்ரோமைசின் இருக்கும். அந்த மருந்துகளே குமட்டலைத் தரும். உடனே வீட்டிலுள்ள மோட்டிலியத்தை எடுக்கத் தோன்றும். இதைப் படிப்பவர்கள் ஒரே ஒரு சேர்க்கையை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

இரண்டாம் வகை, தானும் க்யூ.டி.யை நீட்டும் மருந்துகள்: இதயத் துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன், சோட்டலால், மனச்சோர்வுக்கான சிட்டலோப்ராம், எஸ்சிட்டலோப்ராம், மனநோய்க்கான ஹாலோபெரிடால், ஆன்டிபயாட்டிக்குகளான லெவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின், மூட்டுவாதத்துக்கான ஹைட்ராக்சிகுளோரோகுவின். போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்குக் கொடுக்கும் மெத்தடோனும் இதில் சேரும். நம் தீவில் 2006 முதல் அரசு மெத்தடோன் சிகிச்சை நடக்கிறது. அதை எடுப்பவர்களில் சிலர் வெட்கப்பட்டு மருந்துக்கடையில் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். மருந்தாளுநர் காதில் விழுவது உங்கள் வரலாறு அல்ல, எந்த மாத்திரையை மாற்ற வேண்டும் என்ற தகவல்.

வயிற்றுப் பிடிப்புக்கான புஸ்கோபான் ஆபத்தானதல்ல, ஆனால் எதிர்த்திசையில் இழுக்கும். அது குடலை மந்தமாக்கும், இது விரைவுபடுத்தும்.

பாம்ப்ளமூஸ் (கிரேப்ஃப்ரூட்) பழச்சாறு குடிக்கலாமா?

மருந்து எடுக்கும் நாட்களில் வேண்டாம். அந்தப் பழத்திலுள்ள சில பொருட்கள் குடல் சுவரில் இருக்கும் அதே நொதியை முடக்குகின்றன. வடக்கிலுள்ள ஊருக்கே பெயர் தந்த பழவகை இது, தோட்டத்திலிருந்து பறித்துத் தருபவர்களும் உண்டு, அதனால் சொல்கிறோம். சாதாரண ஆரஞ்சும் எலுமிச்சையும் அப்படிச் செய்வதில்லை.

சர்க்கரை நோயாளிக்கு அடிக்கடி குமட்டல் வருகிறது. இந்த மாத்திரையே போதுமா?

மொரீஷியஸில் ஏறக்குறைய ஐந்து பெரியவர்களில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, எனவே இந்தக் கேள்வி ஒவ்வொரு வீட்டுக்கும் உரியது. முதலில் குமட்டல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

மெட்ஃபார்மின் புதிதாகத் தொடங்கியிருந்தாலோ அளவைக் கூட்டியிருந்தாலோ அதுவே காரணமாக இருக்கலாம். சாப்பாட்டின் நடுவே எடுப்பதும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாறுவதும் பெரும்பாலும் தீர்த்துவிடும். வாரம் ஒருமுறை போடும் செமக்ளூடைட் ஊசி இரைப்பையை வேண்டுமென்றே மந்தமாக்கும், எனவே குமட்டல் அதன் இயல்பான பக்கவிளைவு. அங்கே அளவை மெல்ல ஏற்றுவதுதான் தீர்வு.

பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு இரைப்பையை இயக்கும் நரம்பே பழுதாகிவிடும். மதியம் சாப்பிட்டது இரவு வாந்தியில் வரும். இன்சுலின் போட்டாயிற்று, உணவோ இரைப்பையிலேயே தேங்கிக் கிடக்கிறது. சர்க்கரை சடாரென்று இறங்கும், சில மணி நேரம் கழித்து உணவு நகர்ந்ததும் எகிறும். காரணம் புரியாத இந்த ஏற்ற இறக்கமே பலருக்கு முதல் அடையாளம். டோம்பெரிடோன் இவர்களுக்கு உண்மையாகவே உதவக்கூடிய மருந்து. ஆனால் ஒரு வாரத்தில் முடியாத தேவை என்பதால் ஈ.சி.ஜி. எடுத்து, பொட்டாசியம் பார்த்து, மருத்துவர் கண்காணிப்பில்தான் தர வேண்டும். இரைப்பை வேகம் பிடித்தால் இன்சுலின் நேரத்தையும் மாற்ற வேண்டிவரும்.

சாப்பாட்டு முறையும் மாத்திரைக்குச் சமமாக முக்கியம். இவர்களுக்கு நார்ச்சத்தும் கொழுப்பும் இரைப்பையை விட்டு நகரவே நகராது. ‘சர்க்கரைக்கு நார்ச்சத்து நல்லது’ என்ற பொது அறிவுரை இங்கே தலைகீழாகிவிடும். இரண்டு ஜோடி டால் புரியை ஒரே மூச்சில் சாப்பிடுவதற்குப் பதில் பாதியாகப் பிரித்து, மூன்று மணி நேர இடைவெளியில் சாப்பிடலாம். காட்டோ பிமான் போன்ற எண்ணெய்ப் பலகாரத்தை மாலைக்குப் பின் தவிர்க்கலாம். வாழையிலையில் ஏழு கறியோடு விருந்து என்றால் ரசமும் சாதமும் குழைந்த காய்களும் முதலில், வறுத்தவை கடைசியில் கொஞ்சம். சாப்பிட்டதும் படுக்காமல் மெதுவாக நடக்க வேண்டும்.

சர்க்கரை மிக உயர்ந்து, வாந்தியும் வயிற்று வலியும் வந்து, மூச்சு ஆழமாக வேகமாக வாங்கி, மூச்சில் பழ வாசனை அடித்தால் அது உடம்பில் அமிலம் தேங்கும் அவசரநிலை. அப்போது குமட்டல் மாத்திரை போட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் நட்டம்.

இந்தியாவில் சிகிச்சைக்குப் போனபோது கொடுத்த காப்ஸ்யூலைத் தொடரலாமா?

அந்தக் காப்ஸ்யூல்களில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும்: 20 மி.கி. ரபெப்ரசோல் அல்லது 40 மி.கி. பான்டோப்ரசோல், கூடவே மெதுவாக வெளியாகும் 30 மி.கி. டோம்பெரிடோன். காலையில் ஒன்று போட்டாலே அன்றைய டோம்பெரிடோன் வரம்பு முடிந்துவிட்டது. அட்டையில் ‘டி’ அல்லது ‘டி.எஸ்.ஆர்.’ என்ற எழுத்து ஒட்டியிருந்தால் இது உள்ளே இருக்கிறது என்று பொருள். ‘கேஸ் மாத்திரை’ என்று நினைத்து அதைப் போட்டுவிட்டு, மதியம் குமட்டலுக்கு மோட்டிலியமும் போட்டால் 40 மி.கி. ஆகிவிடும். ஆண்டுக்கணக்கில் இதைத் தொடர்பவர்கள் அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். அமிலம் குறைக்கும் மருந்தை மட்டும் தனியாகத் தொடர்ந்தால் போதும் என்பது பெரும்பாலும் விடையாக இருக்கும்.

பிரிம்பெரானும் இதுவும் ஒன்றுதானா?

அல்ல. பிரிம்பெரானில் இருப்பது மெட்டோக்ளோப்ரமைட் என்ற வேறொரு குமட்டல் மருந்து. இரைப்பையில் செய்யும் வேலை ஒத்ததுதான், ஆனால் அது மூளைக்குள்ளும் போகும். அதனால் தூக்கம், அமைதியின்மை, சிலருக்கு, முக்கியமாக இளவயதினருக்கு, கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்வது, கண்கள் மேலே சொருகுவது, தாடை இழுத்துக்கொள்வது எல்லாம் வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் மருத்துவமனையில் ஊசி போட்டால் சரியாகும். அதற்கு ஐரோப்பாவில் 2013இல் வைத்த வரம்பு ஐந்து நாள். பார்க்கின்சன் நோயாளிக்கு அது கூடாது. அவர்களின் குமட்டலுக்கு டோம்பெரிடோனையே மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பார்கள், இதயத்தைப் பார்த்துவிட்டு. இரண்டையும் ஒன்றாக எடுக்க வேண்டாம்.

குழந்தைக்குச் சிரப் கொடுக்கலாமா?

12 வயதுக்குக் கீழே கொடுக்காதீர்கள். சின்னக் குழந்தைகளின் வாந்திக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு டோம்பெரிடோனைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பலனில் வேறுபாடு தெரியவில்லை என்பதால், பிரிட்டனில் 2019இல் இந்த வயதினருக்கான அனுமதியை எடுத்துவிட்டார்கள். பழைய பாட்டில் வீட்டில் இருந்தால் அது அண்ணனுக்கு எழுதியது என்று தம்பிக்கு ஊற்ற வேண்டாம்.

கரைசல்தான் குழந்தைக்கு மருந்து. மருந்துக்கடைப் பொட்டலம் கிடைத்தால் அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, கண்ணீர் அளவு உப்புக்கு மேல் கரிக்கக் கூடாது. வாந்தி எடுத்த பிறகு பத்து நிமிடம் விட்டு, ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுங்கள். தாகத்தில் டம்ளரோடு குடிக்கவிட்டால் திரும்ப வந்துவிடும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழிந்திருக்கிறது, எழுப்பினாலும் சோர்ந்து கிடக்கிறது என்றால் மருத்துவமனை.

கர்ப்பிணிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும்?

கர்ப்ப காலக் குமட்டலுக்கு இது முதல் தேர்வு அல்ல, மருத்துவரிடம் வேறு மருந்துகள் உண்டு. தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே போகிறது. ஆனால் பால் சுரப்பைக் கூட்டுவதற்காக இதை எடுக்கும் வழக்கம் இருக்கிறது, அதைப் பற்றி ஒரு வார்த்தை. டோபமின் தடைபடும்போது புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறும், பால் கூடும், உண்மைதான். ஆனால் அதற்காக அனுமதிக்கப்பட்ட மருந்து அல்ல. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இலேயே இதற்கு எதிராக எச்சரித்தது. பிள்ளையை அடிக்கடி மார்பில் விடுவது, பற்றும் விதத்தைச் சரிசெய்வது இவற்றை மருத்துவச்சியோடு முதலில் பாருங்கள்.

என்ன பக்கவிளைவுகள் வரலாம்?

வாய் உலர்வது சாதாரணம். சிலருக்குத் தலைவலி, லேசான பேதி. புரோலாக்டின் ஏறுவதால் மார்பு வலிப்பது, பால் கசிவது (ஆண்களுக்கும்), மாதவிடாய் தள்ளிப்போவது, பாலுணர்வு குறைவது நடக்கலாம். மருந்தை நிறுத்தினால் இவை மாறிவிடும். மூளைக்குக் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் புரோலாக்டின் சுரக்கும் கட்டி உள்ளவர்களுக்கு மருந்தே கூடாது. நெஞ்சு படபடத்தாலோ கண் இருண்டு மயக்கம் வந்தாலோ அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

காரிலும் படகிலும் வரும் குமட்டலுக்கு?

அதற்கு இது உதவாது. பயணக் குமட்டல் காதினுள் இருக்கும் சமநிலை உறுப்பிலிருந்து கிளம்புகிறது. அந்தப் பாதையில் டோபமினுக்குப் பெரிய பங்கில்லை. சமாரல் மலைப்பாதை வளைவுகளுக்கோ ரோட்ரிக்ஸ் தீவுக் கப்பலுக்கோ வேண்டியது தூக்கம் தரும் வகை அலர்ஜி மருந்துகளில் ஒன்று, புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. வண்டி ஓட்டுபவர் அதை எடுக்கக் கூடாது.

காவடி விரத நாட்களில் எப்படி எடுப்பது?

தைப்பூசம் வருவது நம் தீவின் கோடைக்காலத்தில். ஒரு வேளை உணவு, வெயில், வியர்வை, வெறுங்காலில் நடை. அந்தக் குமட்டல் பெரும்பாலும் நீரிழப்பாலும் வெறும் வயிற்றாலும் வருவது. நிழல், உட்கார்தல், கரைசலை மடக்கு மடக்காகக் குடித்தல், இவைதான் முதலில். ஒரு வேளை மட்டும் சாப்பிடுபவர் மூன்று வேளை மாத்திரை எடுக்கத் தேவையில்லை, அந்த உணவுக்கு அரை மணி முன்பு ஒன்று போதும். நீர் இழந்து பொட்டாசியம் குறைந்த உடம்பில் மாத்திரையை அடுக்குவது, முன்பு சொன்ன காரணத்தால், தவறான நேரத்தில் செய்யும் தவறு.

காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்தால்?

டெங்கு தீவுக்கு வந்து போகும் நோயாகிவிட்டது, 2024 தொடக்கத்தில் வந்த பரவல் பலருக்கு நினைவிருக்கும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில் ஓயாத வாந்தி, கடும் வயிற்று வலி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், அசதி வந்தால் அது நோய் முற்றும் எச்சரிக்கை. வாந்தியை மாத்திரையால் அமுக்கிவிட்டால் அந்த எச்சரிக்கை மறைந்துபோகும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். இபுப்ரோஃபனும் ஆஸ்பிரினும் கூடாது.

எந்த வாந்திக்கு மாத்திரையைத் தொடவே கூடாது?

இரத்தம் அல்லது காப்பித்தூள் போன்ற வாந்தி, தார்போல் கறுத்த மலம், வயிறு கல்லாக இறுகி வாயுவும் மலமும் போகாமல் இருப்பது, பச்சையாகப் பித்த வாந்தி தொடர்வது, தலையில் அடிபட்ட பின் வாந்தி, தாங்க முடியாத தலைவலியோடு வாந்தி. குடல் அடைத்திருக்கும்போது குடலைத் தள்ளும் மருந்து கொடுத்தால் கிழிந்துபோகும் அபாயம் உண்டு.

இன்னொன்று, ‘கேஸ்’ என்று நினைக்கும் மாரடைப்பு. மேல்வயிற்றில் அழுத்தம், குமட்டல், குளிர்ந்த வியர்வை, மூச்சு முட்டல், முக்கியமாகச் சர்க்கரை நோயாளிக்கும் வயதானவருக்கும், நெஞ்சு வலியே இல்லாமல் இப்படி வரலாம். 114ஐ அழைத்து சாமு ஆம்புலன்ஸ் வண்டியை வரவழையுங்கள். பஸ்ஸிலோ சொந்தக் காரை ஓட்டிக்கொண்டோ போக வேண்டாம்.

தவறுதலாக நிறைய எடுத்துவிட்டால்? மாத்திரையை எங்கே வைப்பது?

குழந்தை விழுங்கிவிட்டாலோ, பெரியவர் அட்டைக் கணக்கில் எடுத்துவிட்டாலோ, அறிகுறிக்காகக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், காலி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். தூக்கம், குழப்பம், வலிப்பு வரலாம். ஈ.சி.ஜி.யைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். வாந்தி எடுக்க வைக்க வீட்டில் முயல வேண்டாம்.

30 டிகிரிக்குக் கீழே, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். டிசம்பர், ஜனவரி வெயிலில் நிறுத்திய காரின் முன்பெட்டி அதற்கு ஏற்ற இடம் அல்ல, குளியலறை அலமாரியும் அல்ல. மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் கலந்து வைக்காதீர்கள். அவசரத்தில் பெயரும் காலாவதித் தேதியும் தெரியாத வெள்ளை மாத்திரைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.